கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி அப்பாதான் வருகிறார்

கடிதம், சுருக்கமாக

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். பிறந்தது காங்கயம் பக்கத்தில் ஒரு கிராமம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன்.

அப்பா கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், வைத்துக் காங்கயம் மாடு வளர்த்தவர். 63 வயது. போன வருடம் முதுகு வலிக்கிறது என்றார். காட்டு வேலை செய்கிறவருக்கு முதுகு வலிக்காதா என்று விட்டுவிட்டார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தது, உடம்பு இளைத்தது. சர்க்கரையால்தான் இளைக்கிறார் என்று நினைத்தார்கள். பங்குனியில் கண் மஞ்சளித்தது. காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப்போய் மூன்று வாரம் பச்சிலை கொடுத்தது இந்த மகள்தான். குறையவில்லை. கோவையில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அப்பாவிடம் 'வயிற்றில் புண்' என்று மட்டும் சொன்னார்கள். ஐந்து மாதம் இருந்து புரட்டாசியில் போய்விட்டார். கடைசி நாள் ராத்திரி, குளித்துவிட்டு வரலாம் என்று மகள் வீட்டுக்குப் போன ஒன்றரை மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. கண்ணை மூடினால் மஞ்சள் கண்ணும் மூக்கில் குழாயுமாக இருந்த முகம்தான் வருகிறது, அதற்கு முந்தைய முகம் வரவே இல்லை என்கிறார். அப்பா அனுப்பிய 11 வாய்ஸ் மெசேஜ்களைத் தினமும் ராத்திரி கேட்கிறார். அண்ணன் அதை அழிக்கச் சொல்கிறார். அழுதால் அப்பாவின் ஆத்மா அல்லாடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மா யாரோடும் பேசாமல் விடிகாலை நாலு மணிக்குக் கட்டுத்தறிக்குப் போய்விடுகிறார். அண்ணன் மாட்டை விற்கணும் என்கிறார், கூடவே சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். ஆறு வயது மகன் 'அப்புச்சி எப்ப வருவாரு' என்று கேட்கிறான். வருஷத் திதிக்கு அப்பாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட ஆசை. எழுத உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை. 'எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரி மட்டும்தான் தெரிந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அந்த ஐந்து மாதம். அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் குழாயை எந்தத் தேதியில் வைத்தார்கள், காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் எவ்வளவு ஏறியது, எந்த நர்ஸ் என்ன சொன்னார் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது தடவை, இடையிடையே நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டு நகர்ந்த வரிகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டேன். மொத்தம் ஒன்பது வரி.

பன்னிரண்டாவது முடித்த வருடம் கவுன்சலிங்குக்காக ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிய ராத்திரி, சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமலே வந்த அப்பா. காலையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்த அப்பா. உங்கள் கடைசி பஸ் வரும்வரை மழையிலும் டிவிஎஸ் 50ஐ நிறுத்திக்கொண்டு ஸ்டாப்பிங்கில் நின்ற அப்பா. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கடைசிவரை 'அம்மணி' என்றே கூப்பிட்டவர். ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள், ஆனாலும் படிக்க முடிகிறது: 'மாப்பிள்ளை பார்த்த விஷயத்தில் என்னோடு ஆறு மாசம் பேசவில்லை.'

அப்பா ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்கிற கடிதத்துக்குள்ளேயே இவ்வளவு இருக்கிறது. அதனால் அவர் உங்களிடமிருந்து போய்விட்டார் என்ற பயத்தை முதலில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். புத்தி பேதலித்தவர் எழுதிய கடிதமும் இல்லை இது.

ஏன் அந்த முகம் மட்டும் வருகிறது

புற்றுநோய்ப் பிரிவில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையைப் பல வருடம் செய்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை அநேகமாக எல்லோருமே ஏதாவது ஒரு கட்டத்தில் சொல்வார்கள். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் ரெடல்மையர் என்ற மருத்துவரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், அது எவ்வளவு வேதனையாக இருந்தது என்று பிற்பாடு கேட்டார்கள். எவ்வளவு நேரம் நடந்தது என்பது அவர்களுடைய நினைவில் பெரிதாகக் கணக்கில் வரவே இல்லை. மிக அதிகமாக வலித்த நிமிடமும் முடிவில் இருந்த நிமிடங்களும்தான் தங்கியிருந்தன. அது உடம்பின் வலியைப் பற்றிய ஆய்வு. ஆனால் நோயில் ஒருவரை இழந்த குடும்பங்களிலும் இதே போன்ற ஒன்றை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 63 வருட வாழ்க்கையைக் கடைசி ஐந்து மாதம் மூடிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நன்றாக இருந்த அப்பாவை நீங்கள் உற்றுப் பார்த்ததே இல்லை. யாருமே பார்ப்பதில்லை. அவர் பாட்டுக்கு இருந்தார், நீங்கள் பாட்டுக்கு இருந்தீர்கள். ஆஸ்பத்திரியில்தான் ஒவ்வொரு நிமிடமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மூச்சு ஏறி இறங்குவதைக்கூட எண்ணிக்கொண்டிருந்தீர்கள். பயத்தோடு பார்த்தது ஆழமாகப் பதியும். அது மேலே கிடக்கிற வரைக்கும் அடியில் இருப்பது தெரியாது. அந்தப் படத்தை விரட்ட முயற்சி செய்யாதீர்கள், விரட்ட விரட்ட அது வரும். பழையதை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைப்பதுதான் வழி. அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த மூன்று வாரம்

கடிதத்தில் ஏழு இடத்தில் 'மூன்று வாரம்' என்ற சொல் வருகிறது. அதனால் இதை நேராகவே பேசிவிடலாம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிற உறுப்பு. அங்கே கட்டி வந்தால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. வெகுநாள் ஒன்றும் காட்டாது. காட்டினாலும் முதுகுவலி, பசியின்மை, இளைப்பு, புதிதாகச் சர்க்கரை என்று வேறு எதையோ போலத்தான் காட்டும். கண்டுபிடிக்கும்போது அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்கூடச் சில இடங்களில் தேறுவதில்லை. கட்டி பித்தக்குழாயை அழுத்தும்போது காமாலை வருகிறது. உங்கள் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கே கல்லீரலில் பரவல் இருந்தது. அப்படிப் பரவியது அந்த மூன்று வாரத்தில் நடந்த காரியம் இல்லை. கண் மஞ்சளித்த அன்றே காரை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போயிருந்தாலும் டாக்டர் சொல்லியிருக்கக்கூடியது அதேதான். ஒருவேளை அரிப்பும் வாந்தியும் கொஞ்சம் முன்னதாகக் குறைந்திருக்கும். அதற்கு மேல் அந்த மூன்று வாரத்துக்குச் சக்தி இல்லை. உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பரவல் இல்லாமல் இருந்திருந்தால் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண் மஞ்சளித்தால், அதுவும் வலியே இல்லாமல் மஞ்சளித்து, உடம்பு அரித்து, மலம் வெளிறிப் போனால், பச்சிலை தேடிப் போகும் முன் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். குழாய் அடைபட்டு வரும் காமாலையைக் கீழாநெல்லி சரிசெய்யாது. ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே எடையும் குறைந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் பச்சிலை கொடுத்தது அப்பாவைக் காப்பாற்றத்தான். நம் ஊரில் காமாலை என்றால் எல்லோரும் செய்வதைத்தான் செய்தீர்கள். தினமும் காலையில் ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், மோரில் கலக்கி, வேலைக்குப் போகும் முன் திருப்பூரிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைக் குற்றமாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. ஸ்டாப்பிங்கில் டிவிஎஸ் 50ஐ நிறுத்திக்கொண்டு நின்ற மனிதரின் மகள் செய்கிற காரியம் அது.

அவரிடம் சொல்லாமல் மறைத்தது

இங்கே உங்கள் நினைப்பு ஒன்றை மெதுவாகத் திருத்த வேண்டியிருக்கிறது. 'என்ன நோய் என்று தெரியாமலேயே போய்விட்டார், நான் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்' என்கிறீர்கள்.

நோயாளியிடம் மறைப்பது சரியா என்று கேட்டால், பொதுவாகச் சரியில்லை என்றுதான் சொல்வேன். அவர் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரையே கேட்பது நல்லது. ஆனால் நம் வீடுகளில் பயந்து மறைத்துவிடுகிறோம். நீங்களும் அதையே செய்தீர்கள். அது தவறாக இருக்கலாம், துரோகம் இல்லை.

அவருக்குத் தெரியாது என்பது மட்டும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் கடிதத்திலிருந்தே சொல்கிறேன். காளைக் கன்றுகளை மூன்று வருடம் வளர்த்து விற்பதுதான் அவர் வழக்கம். போன வருடம் சித்திரையில், ஸ்கேன் எடுத்த பத்தாவது நாள், ஒன்றரை வயதுக் கன்று இரண்டையும் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். வைகாசியில் உங்களைக் கொறங்காட்டுக்குக் கூட்டிப்போய், நடக்க முடியாமல் நடந்து, எந்த வெள்வேல மரத்தோடு நம்ம பொழி (எல்லை) முடியுது என்று காட்டினார். பால் சொசைட்டி பாஸ்புக்கை அம்மா கையில் கொடுத்தார். வயிற்றுப் புண் என்று நம்புகிற ஆள் இதையெல்லாம் செய்வாரா? அவர் மனதில் என்ன இருந்தது என்று நானோ நீங்களோ உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுகிற அப்பாக்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் அவருக்காக மறைத்தீர்கள். அவரும் உங்களுக்காகவே மறைத்திருக்கலாம்.

அப்புறம் அந்த ஒன்றரை மணி நேரம். இரண்டு நாளாக விழித்திருந்து, அண்ணன் வந்த பிறகு, அவர் சொல்லித்தான் குளிக்கப் போனீர்கள். பக்கத்திலேயே இருந்தவர்கள் எழுந்து வெளியே போன சமயத்தில் உயிர் பிரிவது சாதாரணமாக நடக்கிறது. அப்பா தனியாக இல்லை, மகன் கையைப் பிடித்திருந்தார். அந்த நேரம் எப்படி இருந்தது என்று அண்ணனிடம் நீங்கள் இதுவரை கேட்கவில்லை என்று தெரிகிறது. ஒரு நாள் கேளுங்கள். உங்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. எட்டு மாதமாக அதை யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை.

அழுகையும் அந்த 11 மெசேஜும்

'அம்மணி, பஸ்ஸேறிட்டயா? ஏறுனதும் போன் பண்ணு சாமி.' இதை அழிக்கவே வேண்டாம். இன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். போன் தொலைந்து குரலையும் தொலைத்தவர்களின் வருத்தத்தைப் பார்த்திருக்கிறேன்.

இறந்தவரை மனதிலிருந்து பிரித்தெடுத்து நகர்ந்துவிட வேண்டும் என்பது நூறு வருடத்துக்கு முந்தைய மனநல மருத்துவத்தின் கருத்து. 1990களிலிருந்து ஆய்வாளர்கள் அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார்கள். உறவு முடிந்துபோகாது, வேறு வடிவத்தில் தொடரும், அது ஆரோக்கியமானதாகவே இருக்க முடியும் என்கிறார்கள். அமாவாசைக்கு விரதம் இருந்து காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். படுக்கும் முன் கேட்டால் தூக்கம் கெடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேளுங்கள். அவர் கேட்கிற கேள்விக்கும் அதுதான் பொருத்தமான நேரம்.

அழுதால் ஆத்மா அல்லாடும் என்று சொல்கிறவர்கள் உங்கள் அழுகையைத் தாங்க முடியாமல் சொல்கிறார்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, வராத அழுகையையும் வரவழைத்தவர்கள் நம் ஆத்தாவும் அம்முச்சியும்தான். துக்கம் 'ஐந்து கட்டம்' கட்டமாக வரும் என்று இணையத்தில் படித்துவிட்டு, கோபக் கட்டம் எனக்கு வரவே இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் அதை முதலில் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. பிற்பாடுதான் அதைத் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நீட்டினார்கள். துக்கம் அப்படி வரிசையில் வருவதில்லை. எந்தக் கட்டத்தையும் நீங்கள் தவறவிடவில்லை.

அண்ணன், மாடு, கையெழுத்து

'அண்ணனுக்கு அப்பா மேல் பாசமே இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டு, இரண்டு வரி தள்ளி, 'ஞாயிறு தவறாமல் வந்து கிளுவை வேலியைச் சரிபண்ணிவிட்டுப் போகிறார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மாடே வேண்டாம் என்கிறவருக்கு வேலி எதற்கு? சிலருக்குத் துக்கம் கண் வழியாக வராது, கை வழியாக வரும். 1999இல் ஸ்ட்ரோபே, ஷட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எனக்கு அடிக்கடி உதவுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அடுத்து ஆக வேண்டியதன் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய் வருகிறார். நீங்கள் ஒரு பக்கத்திலேயே நிற்கிறீர்கள், அண்ணன் மறுபக்கத்திலேயே நிற்கிறார். அம்மா நாலு மணிக்கு எழுந்து கட்டுத்தறிக்குப் போவதில் எனக்கு இரண்டுமே தெரிகிறது. அதனால் மாட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்பது என் கருத்து. முடிவு அம்மாவுடையது, அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. அப்பா போன அடுத்த மாதம் பிறந்த அந்தச் செவலைக் கன்று இந்நேரம் நிறம் மாறி வெள்ளையாகியிருக்கும். காங்கயம் கன்று ஆறு மாதத்தில் அப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்து விஷயம் வேறு. நான் வக்கீல் இல்லை, ஆனால் அடிப்படை தெரியும். அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள். அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2005 திருத்தம் சொல்கிறது, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கல்யாணத்துக்குச் சீர் செய்தாகிவிட்டது என்பதால் பங்கு போய்விடாது. விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், பல பெண்கள் மனதார விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்வது மிகவும் கஷ்டம். சரியாகத் தூங்காத, எதையும் இரண்டாவது தடவை யோசிக்க முடியாத இந்த மாதங்களில் போடுகிற கையெழுத்தில்லை அது. சண்டை போடவும் வேண்டாம். 'வருஷத் திதி முடியட்டும், மூணு பேரும் உட்கார்ந்து பேசலாம்' என்று அண்ணனிடம் சொல்லுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிற வேலையை அதுவரை பார்க்கலாம். வக்கீல் செலவு யோசனையாக இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பையனைப் பற்றி ஒன்று. 'ஊருக்குப் போயிருக்காரு' என்பதை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பிக் காத்திருப்பான், வராதபோது தன் மேல் கோபம் என்று நினைப்பான். 'அப்புச்சிக்கு உடம்புக்குள்ள பெரிய நோய் வந்துச்சு, டாக்டருங்க பார்த்தும் சரியாகல, செத்துப்போயிட்டாரு, திரும்பி வரமாட்டாரு, எனக்கும் அழுகையா வருது' என்று சொல்லுங்கள். தூங்குகிறார் என்று சொல்ல வேண்டாம், தூங்கவே பயப்படுவான்.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவசரம் இல்லை. வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையைப் பார்க்கிறீர்கள், அப்பாவுக்காக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கம்' என்ற ஒரு நிலை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோனால்தான் அந்தப் பெயர். ஆறு மாதம் தாண்டியும் அழுகை வருகிறது என்பதற்காக மட்டும் யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள். தூக்கம் இன்னும் கெட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, நானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கோவையிலும் பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே மனநலப் பிரிவில் பார்க்கலாம். அம்மாவையும் இதே கண்ணோடு கவனியுங்கள். பேசாமல் இருப்பதைவிட, சாப்பிடாமல் இருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தச் சின்னப் புத்தகம்

எழுதுங்கள். திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அது போதும். ஆனால் பேனாவோடு தனியாக உட்கார்ந்து ஞாபகத்தைக் கூப்பிடாதீர்கள், அது வராது. ஞாபகம் இடத்திலும் வாசனையிலும் மற்றவர்கள் வாயிலும் கிடக்கிறது. நீங்கள்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஒரு ஞாயிறு அண்ணன் வேலி கட்டும்போது கூடப் போய் முள்ளை எடுத்துக் கொடுங்கள். மழை பெய்த மறுநாள் கொழுக்கட்டைப்புல் முளைத்த கொறங்காட்டில் நடந்து பாருங்கள். பால் சொசைட்டியில் அவரோடு வரிசையில் நின்றவர்களை, கண்ணபுரம் சந்தைக்குக் கூடப் போனவர்களை, முடிவெட்டினவரை, டீக்கடைக்காரரைப் போய்ப் பாருங்கள். 'எங்கப்பா எப்படிப்பட்டவரு' என்று கேட்டால் 'தங்கமான மனுசன்' என்பார்கள், கதை அதோடு முடிந்துவிடும். 'சந்தையில துண்டைப் போட்டு வெலை பேசும்போது எங்கப்பா எப்படிப் பேசுவாரு?', 'முதமுதல்ல வாங்குன மாடு எது, பணம் ஏது?', 'எதுக்காவது யாரோடயாவது சண்டை போட்டிருக்காரா?' என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத அப்பா ஒருவர் அங்கெல்லாம் இருக்கிறார். உங்களுக்கு முன்னால் 29 வருடம் அவர் வாழ்ந்திருக்கிறார், அதில் ஒரு நாளைக்கூட நீங்கள் பார்த்ததில்லை.

வரிசையாகப் பிறப்பு, படிப்பு, கல்யாணம் என்று எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், அரைப் பக்கம். அவருடைய சைக்கிள், அப்புறம் வந்த டிவிஎஸ் 50, துண்டை உதறித் தோளில் போடுகிற விதம், மாட்டைக் கூப்பிடுகிற சத்தம் என்று தனித்தனியாக எழுதுங்கள். நீங்கள் அடித்த அந்த வரியையும் எழுதுங்கள். ஆறு மாதம் மகளோடு பேசாதவர், பிறகு எப்படிப் பேச ஆரம்பித்தார்? யார் முதலில் வாய் திறந்தது? குறையே இல்லாத மனிதராக எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரிவார். வீம்பு பிடித்துப் பிறகு இறங்கி வந்த மனிதர் என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நோயையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் கொடுங்கள், ஒரே ஒரு பக்கம். கொறங்காட்டில் பொழியைக் காட்டிய நாளை அதில் வையுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஏற்காடு எக்ஸ்பிரஸிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். பையை மடியில் வைத்திருந்தார், தூங்கவில்லை, காலையில் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அதில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. முந்தின நாள் அதைக் கட்டிக் கொடுத்தவர் இப்போது நாலு மணிக்கு எழுந்து கட்டுத்தறிக்குப் போகிறவர். நாளைக்கு நீங்களும் கூடவே எழுந்து போங்கள். அவர் பால் கறந்துகொண்டிருக்கும்போது, எதிரில் உட்காராமல் பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்று கேளுங்கள்: 'ஏம்மா, அன்னைக்கு மெட்ராஸுக்கு என்னம்மா சோறு கட்டிக் குடுத்தீங்க?'